மார்க்கெட்டுக்குள் ஆளே வருவதில்லை, வாசலில் ரோட்டை மறித்துக் கூட்டம். என்ன செய்யலாம்?

மார்க்கெட்_செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது, பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் படித்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தாத்தா காலத்து ஓட்டுக்கூரை மார்க்கெட்டை இடித்துவிட்டு, கிரானைட் மேடை, டைல்ஸ் தரை என்று புதுசாகக் கட்டிக் கொடுத்தார்கள். மீன், கறி, காய்கறி, கருவாடு, மளிகை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோட்டைப் பார்த்த ஷட்டர் கடைகள் மட்டும்தான் ஓடுகின்றன, உள்ளே பாதி மேடை காலி. ஏலத்தில் எடுத்த சிலர் கடையை வெங்காய மூட்டை அடுக்குகிற குடோனாக்கிவிட்டார்கள், சிலர் உள்வாடகைக்கு விட்டுவிட்டு வளைகுடாவில் இருக்கிறார்கள். மீன் விற்கிற அம்மாக்கள் ஒட்டுமொத்தமாக வாசலுக்கு வெளியே ரோட்டோரம் இறங்கிவிட்டதால் பஸ் திரும்ப இடமில்லை. உள்ளே வாடகை கட்டுகிற காய்கறிக்காரர்கள் தினமும் என் சட்டையைப் பிடிக்கிறார்கள்.

வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் இந்த வருஷம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது. கொஞ்சம் பணம் வசூலித்து வைத்திருக்கிறோம். ஃப்ளெக்ஸ், ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம், ரீல்ஸ் எடுக்கிற பையன்களைக் கூப்பிடுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போலீஸை வைத்து வெளியே இருப்பவர்களை எழுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கோஷ்டி. எதில் பணத்தைப் போடுவது?

கூடைக்காரி_மகன்

அண்ணே, எதிலும் போடுவதற்கு முன் ஒரு டேப் வாங்கி அந்த கிரானைட் மேடையின் உயரத்தை அளந்து பாருங்கள்.

என் அம்மா இதே கடற்கரையில் வேறொரு ஊரில் மீன் விற்கிறார், அங்கேயும் இதே மாதிரிதான் கட்டினார்கள். இடுப்பளவு உயரம், ஒன்றரை அடி அகலம், ஓட்டல் அடுப்படி மாதிரி. அம்மா அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்துதான் மீன் வெட்டுவார். அந்த மேடை மேலே ஏறி உட்கார்ந்தால் விழுந்துவிடுவார், கீழே உட்கார்ந்தால் மீனும் தெரியாது அம்மாவும் தெரியாது, விடியற்காலையிலிருந்து மதியம் வரை நின்றுகொண்டே வெட்ட அந்த முழங்காலுக்குத் தெம்பில்லை. பழைய மார்க்கெட்டில் மேடை தாழ்வாக, அகலமாக இருந்தது, மேடை மேலேயே பலகை போட்டு உட்கார்ந்து, மீனை முன்னால் கூறு கட்டி வைத்து, வாங்குகிறவர் எதிரே நின்று குனியாமல் பார்க்கிற மாதிரி. அதை இடித்தவர்கள் ஒரு மீன்காரம்மாவிடம்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் தண்ணீர். மேடையின் சரிவு எந்தப் பக்கம் என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அம்மா நிற்கிற பக்கம் சரிந்தால் ஐஸ் உருகிய தண்ணீரும் ரத்தமும் அவர் காலடியில்தான் தேங்கும். எங்கள் ஊரில் அப்படித்தான். கம்பி வலை போட்ட வாய்க்கால் மேடையை ஒட்டி ஓட வேண்டும், செதிலும் குடலும் வலையில் நிற்க வேண்டும், வலையைத் தூக்கித் தட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். சிமெண்டு வைத்துப் பூசிவிட்டால் பத்தே நாளில் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று வெளிச்சம். வெளியே வெயிலில் செவுளைத் தூக்கிக் காட்டினால் சிவப்பு பளிச்சென்று தெரியும். உள்ளே ஒரே ஒரு வெள்ளை லைட்டுக்குக் கீழே, காலையில் கரையேறிய விளமீனும் ஐஸில் கிடந்த பழைய மீன் மாதிரி வெளுத்துப்போய்த் தெரிகிறது. நல்ல மீன் வைத்திருக்கிறவர்தான் முதலில் வெளியே போவார். போலீஸை வைத்து எழுப்பினால் இரண்டு தெரு தள்ளிப் போய் உட்காருவார்களே தவிர உள்ளே வரமாட்டார்கள்.

பெரியபட்டினம்_மருமகள்

வ அலைக்கும் ஸலாம் காக்கா. வாங்குகிறவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தரை வழுக்குகிறது. டைல்ஸ் பளபளவென்று போட்டு அதில் மீன் தண்ணீர் ஓடினால் கைக்குழந்தையோடு எப்படி நடப்பது? புர்கா ஓரமெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்ததும் துவைக்கப் போட வேண்டியிருக்கிறது. வாசலில் பைக்கை நிறுத்தி அடைத்துவிடுகிறார்கள். இவ்வளவையும் தாண்டி உள்ளே போனால் விலை எழுதியிருக்காது, கேட்டால் ஆளைப் பார்த்து ஒரு விலை. உழவர் சந்தையில் வாசல் போர்டிலேயே அன்றைய விலை இருக்கிறதே, அது என்ன பெரிய கம்ப சூத்திரமா? மீனுக்கு அப்படி ஒரே விலை எழுத முடியாது என்று தெரியும், படகு வரத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும். காய்கறிக்காவது எழுதலாம்.

தராசும் அப்படித்தான். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். சங்கமே எல்லாத் தராசையும் சேர்த்து ஒரே நாளில் முத்திரை போட வைத்து, முத்திரை உள்ள பக்கத்தை வாங்குகிறவர் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். வாசலில் சங்கத் தராசு ஒன்று சும்மா வைத்துவிடுங்கள், வேண்டுகிறவர் மறுபடி நிறுத்துப் பார்க்கட்டும். அந்த ஒரு தராசுக்காகவே நான் வருவேன்.

நேரத்தையும் யோசியுங்கள். நோன்பு மாதத்தில் பிற்பகல் அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் எங்களுக்கு வியாபாரமே, அப்போது உங்கள் மார்க்கெட்டின் கேட் பூட்டிக் கிடக்கும், ரோட்டுக் கடைக்காரர்தான் நோன்புக் கஞ்சிக்கு மல்லி புதினா விற்பார். அப்புறம், பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் சாவி யாரிடம்? காலை நாலு மணிக்கு வந்து உட்காருகிறவர்களும் பெண்கள்தானே.

ஓய்வு_பெற்றவன்

உள்ளாட்சியில் வருவாய்ப் பிரிவில் இருந்தவன், தம்பி. போலீஸ் யோசனையை முதலில் விடுங்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கிற வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, அதற்கப்புறம் இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அந்தச் சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு உண்மையிலேயே கூடுகிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடினால் அந்த அம்மாக்களில் ஒருவர் அதில் இருக்கட்டும். எதிரியாக்கிக்கொண்டால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது சுங்கம். உங்கள் சங்கத்துக்குள்ளேயே பலருக்குப் புரியாத விஷயம் இது. கடை வாடகை ஒன்று, தரைக்கடைக்கும் கூடைக்கும் தினம் வசூலிக்கிற கட்டணம் வேறு. இரண்டாவது வசூல் உரிமையைத்தான் ஏலம் விடுகிறார்கள். அதிகத் தொகைக்கு எடுத்த குத்தகைதாரர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, கூடைக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி மன்றம் நிர்ணயித்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைக் கேட்பார், ரசீதும் கொடுக்கமாட்டார். உள்ளே போனால் இவரிடம் மாட்டவேண்டும் என்பதாலேயே பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். கட்டண விவரத்தைப் பெரிதாக எழுதி வாசலில் வைக்க வேண்டும் என்பது வழக்கமாகக் குத்தகை நிபந்தனையிலேயே இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த நிபந்தனை நகலையும் கட்டண அட்டவணையையும் வாங்கி, நீங்களே ஃப்ளெக்ஸ் அடித்து வையுங்கள். ஃப்ளெக்ஸுக்குப் பணம் செலவழிக்கத் துடிக்கிறீர்களே, இதற்குச் செலவழியுங்கள்.

குடோன், உள்வாடகை: பட்டியல் எடுங்கள், ஆனால் சங்கத்துக்காரர் பெயரும் அதில் வரும், தயாராக இருங்கள்.

கட்டடத்தில் கைவைப்பதாக இருந்தால் பகுதி பகுதியாகச் செய்யச் சொல்லுங்கள். புதுச்சேரி பெரிய மார்க்கெட் வியாபாரிகள் அதற்காகத்தான் போராடினார்கள். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் பல கோடி செலவில் கட்டினார்கள், வியாபாரிகள் போகவே மறுத்துவிட்டார்கள். சென்னைக் கொத்தவால்சாவடி மார்க்கெட் 1996-ல் கோயம்பேடு போனதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், அது மாநிலத் தலைநகரின் மொத்த வியாபாரம், லாரி எங்கே நிற்கிறதோ அங்கே சரக்கு. சில்லறை வியாபாரம் வாங்குகிறவர் காலைப் பொறுத்தது.

மண்டபத்தான்

பெரியவர் சட்டம் பேசியாச்சு, நான் விளம்பரம் பேசுகிறேன். ரீல்ஸ் எல்லாம் வேண்டாம். லட்சம் பேர் பார்ப்பான், ஒருத்தனும் உங்கள் ஊரில் கால் கிலோ நெத்திலி வாங்கமாட்டான். ஊருக்குள் வாட்ஸ்அப் குழு ஒன்று, காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு குரல் பதிவு. இன்று என்ன மீன், எந்தக் கடல், எந்தக் கரை, எந்த மேடையில். நம் ஆட்களுக்கு அது போதும். வடகடல் (பாக் விரிகுடா) மீனா தென்கடல் (மன்னார் வளைகுடா) மீனா என்று கேட்டு வாங்குகிற ஊர் இது. விசைப்படகு போகிற நாள் வேறு, நாட்டுப்படகு போகிற நாள் வேறு என்று வாரத்தைப் பிரித்துக்கொண்ட பழைய ஏற்பாடு இருக்கிற கரைகளில் எந்த நாளில் என்ன வரும் என்று மீன்காரர்களுக்குத் தெரியும், வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்கள். பேசுகிறவர் சங்கச் செயலாளராக இருக்க வேண்டாம் அண்ணே, கோபிக்காதீர்கள், சத்தமாகப் பேசுகிற மீன்காரம்மா ஒருவரைப் பேச விடுங்கள்.

தடைக்காலத்துக்கு இப்போதே யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுக்குத் தடையில்லை. அந்த நேரம் கேரளப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும், அதையும் நம்மூர் மீன் என்றே விற்பார்கள். உங்கள் மார்க்கெட்டில் நாட்டுப்படகு மீனுக்குத் தனி மேடை, வெளி மீனுக்குத் தனி மேடை என்று பலகை வைத்துவிட்டால் அந்த இரண்டு மாதத்தில் கிடைக்கிற பெயர் வருஷம் பூராவும் ஓடும். இதில் பொய் சொன்னால் சங்கமே மேடையைக் காலி செய்ய வேண்டும், மச்சான் முறை மாமன் முறை பார்க்கக் கூடாது.

வெளியூர்க்காரனையும் விடாதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற வேன் எல்லாம் நம் சாலை வழியாகத்தான் போகின்றன. திரும்புகிறவர்கள் கருவாடு, கருப்பட்டி, பனை ஓலைப் பெட்டி, குண்டு மிளகாய் கேட்கிறார்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் கடைகளில் அதைச் சாக்கில் கொட்டி மூலையில் வைத்திருக்கிறார்கள். கருவாட்டை மணலில் காயப்போடாமல் பரண் கட்டிக் காயவைத்தவர்களுடையதை மட்டும் எடுத்து, கனமான காகித உறையில் போட்டுக் கொடுங்கள், வேனில் நாறாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரி முதலே தடை. கடல் அட்டை, கடல் குதிரை என்று எவனாவது காதில் வந்து ஓதினால் விரட்டிவிடுங்கள், அட்டை 2001 முதல் தடை, ஒருத்தன் மாட்டினால் மார்க்கெட் பெயரே கெடும்.

மார்க்கெட்_செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே போய்ப் பார்த்தேன். கூடைக்காரி மகன் சொன்னது அப்படியே உண்மை, மேடை என் இடுப்புக்கு மேலே இருக்கிறது, சரிவு விற்கிறவர் நிற்கிற பக்கம். தங்கச்சி, கழிப்பறைச் சாவி குத்தகைதாரர் ஆளிடம், அவர் எட்டு மணிக்குத்தான் வருகிறார். இன்று முதல் சாவி சங்கத்தில்.

இரண்டு சந்தேகம். மேடையை உடைக்க எங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகம் நிதி இல்லை என்கிறது. அம்மாக்கள் ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே விற்றுவிடுவார் என்று யாரும் முதலில் நகர மறுக்கிறார்கள். இரண்டாவதுதான் பெரிய தலைவலி.

கூடைக்காரி_மகன்

மேடையை உடைக்க வேண்டாம் அண்ணே. மீன் பகுதியில் நடைபாதை அகலமாக இருந்தால் மேடைக்கு முன்னால் மரச்சட்டமும் பலகையும் வைத்துத் தாழ்வான திண்ணை மாதிரிப் போட்டுவிடுங்கள், கழற்றி மாட்டுகிற மாதிரி. படகு கட்டுகிற ஆசாரிகளிடம் கேளுங்கள், உப்புத் தண்ணீர் தாங்குகிற பலகை எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதலில் நாலு பேருக்கு மட்டும் போடுங்கள், ஒருத்தரை உட்கார வைத்து, அருவாமனையை வைத்து, வெட்டச் சொல்லிப் பார்த்து அப்புறம் அளவை முடிவு செய்யுங்கள்.

யார் முதலில் என்பதற்கு: வியாபாரிகளைக் கெஞ்சாதீர்கள், மீன் வண்டி நிற்கிற இடத்தை மாற்றுங்கள். கரையிலிருந்து வருகிற மீன் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அம்மாக்கள் கூடை இறக்குவார்கள். வண்டி இப்போது வாசலில் நிற்கிறது, அதைப் பின்பக்க கேட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே ஐஸ், அங்கேயே தண்ணீர்க் குழாய், அங்கேயே மீன் வெட்டுகிற இடம். மீனைச் சுமந்துகொண்டு சுற்றி வாசலுக்கு வர யாருக்கும் மனசு வராது.

ஓய்வு_பெற்றவன்

வண்டி யோசனை நல்லது. ஆனால் பின்பக்க கேட்டில் வண்டி நிற்க உள்ளாட்சியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் குத்தகைதாரர் அதற்கும் ஒரு சுங்கம் கேட்பார். மேடையை விட்டு நடைபாதையில் பலகை போடுவதும் அவர் கணக்கில் தரைக்கடை ஆகிவிடக் கூடாது, மனுவில் அதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு நகல், பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒன்று உங்கள் கையில்.

பெரியபட்டினம்_மருமகள்

லைட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்களே காக்கா. அதற்கு மனுவெல்லாம் வேண்டாம், சங்கக் காசில் இந்த வாரமே மாட்டலாம். தரைக்குச் சொரசொரப்பான கல்லும் அப்படித்தான், வாசலிலிருந்து மீன் பகுதி வரை ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் போட்டால்கூடப் போதும்.