ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு டீமை விட்டு ஒதுங்குற பையன்: எப்படிக் கூட நிக்கறது?

கோல்கம்பம்7:
சிங்கப்பூர்ல ஒரு பாலிடெக்னிக் கால்பந்து அணி. எங்க விங்கருக்கு ஏசிஎல் (முழங்காலுக்குள்ள எலும்புகளைப் பிணைக்கற நார்) கிழிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறிட்டான். பயிற்சிக்கு வாடான்னா, "விளையாட முடியாத நான் அங்க எதுக்கு?"ங்கறான். மூணாவது வருஷம், அடுத்து தேசிய சேவை. கேப்டனா வற்புறுத்தலாமா, விட்டுடலாமா?

மனத்திடல்:
அந்த "எதுக்கு"லதான் விஷயமே இருக்கு. "நான் யார்"ங்கறதுக்கு ஆட்டக்காரன்ங்கற ஒரே பதிலோட வளர்ந்தவனுக்கு, முழங்கால் போனா அந்தப் பதிலும் சேர்ந்து போயிடுது. இந்தப் பிடிப்பை அளக்க விளையாட்டு உளவியல்ல ஏம்ஸ்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு. 1993ல வந்தது, சுருக்க வடிவத்துல 7 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதிகம் வாங்கறது நோயில்ல. விடிகாலையில அவனை எழுப்பி ஓட வச்சதே அந்தப் பிடிப்புதான். அதனால "பந்து மட்டுமா வாழ்க்கை"ன்னு தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.

சும்மா பெஞ்சுல உட்கார வைக்கறதும், தண்ணி பாட்டில் தூக்க வைக்கறதும் இன்னும் நோகடிக்கும். அவன் கண்ணுக்கு மட்டுமே படற வேலையைக் கொடுங்க: எதிரணி வீடியோவுல அவங்க பின்வரிசை எங்க திறக்குதுன்னு பார்த்து, வாரம் ஒரு நாள் டீமுக்கு 5 நிமிஷம் சொல்லணும். நாள் மாறக்கூடாது.

மூட்டுவாசி:
"எப்ப வருவே?"ன்னு யாரும் கேட்கவே கூடாது. 9 மாசத்துக்கு முன்னாடி திரும்பினா மறுபடி கிழியற அபாயம் கூடுது. தேதியை எண்ணிக்கிட்டிருந்தா ஒவ்வொரு வாரமும் தோத்த மாதிரிதான் இருக்கும். இப்போதைக்கு இலக்கு வீக்கம் வத்தறது, கால் முழுசா நீளறது. பிறகு தொடைத் தசை பலம் மறுகாலோட 90 சதவீதம். அது வந்த பின்னும் காலை ஊன்றித் திரும்பப் பயப்படறவங்க உண்டு. அந்தப் பயத்தை அளக்க ஏசிஎல்-ஆர்எஸ்ஐன்னு 12 கேள்வி இருக்கு, பிசியோகிட்ட கேட்கச் சொல்லுங்க. ஆபரேஷன் அறிக்கையைத் தேசிய சேவை மருத்துவப் பரிசோதனையில காட்டணும், மறந்துட வேணாம்.

கோல்கம்பம்7:
வீடியோ வேலை நல்ல யோசனை. ஆனா தூக்கமே வரலைங்கறான், சாப்பாடும் குறைஞ்சிடுச்சு.

மனத்திடல்:
ரெண்டு வாரமா இப்படின்னா வீடியோ வேலை மட்டும் போதாது தம்பி. காலேஜ் கவுன்சலர்கிட்ட கூடவே நடந்து போங்க. "போய்ப் பாரு"ன்னு அனுப்பினா பெரும்பாலும் போகமாட்டாங்க. 16 முதல் 30 வயசு வரைக்கும் 'சாட்'ங்கற இளையர் மனநல சேவையில மதிப்பீடு செஞ்சுக்கலாம். மனச்சோர்வை அளக்கற பிஎச்கியூ-9ங்கற கேள்வித்தாள்ல 10 அல்லது அதுக்கு மேல வந்தா கவனிக்கணும். உயிரை விடற எண்ணம் பத்தின ஒன்பதாவது கேள்விக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கவே வேணாம், சைபரைத் தவிர எது வந்தாலும் அன்னைக்கே பேசணும்.

நீங்களும் நேராவே கேட்கலாம்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்கறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது. ஆமான்னா தனியா விடாதீங்க. தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க, மனநல உதவி எண் 1771ம் இருக்கு. உடனடி ஆபத்துன்னா ஆம்புலன்ஸுக்கு 995. ரகசியம்னு சத்தியம் வாங்கினாலும் இதை மட்டும் அவன் வீட்ல சொல்லிடுங்க.