புதுப்பிப்பு: காட்டுப்பூக்களும் தேனீக்களும் வளர்ப்புச் செம்மறிகளும்

காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளிப் பாதையில் நடந்ததைப் பற்றி முன்பு எழுதியபோது, ஒரே கொத்தில் சில பூக்களை மட்டும் தேனீக்கள் தொடாமல் கடப்பது ஏன் என்றும், அங்கு மேயும் வளர்ப்புச் செம்மறிகளுக்கு ரொட்டி கொடுக்கலாமா என்றும் நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அதே பாதையில் மறுபடியும் நடந்து, நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

புல்லோடு படர்ந்து வளரும் மூவிலைச் செடியான வெள்ளைக் குளோவரின் உருண்டைப் பூத்தலை பல சிறு பூக்களின் தொகுப்பு; மகரந்தச் சேர்க்கை முடிந்தவை கீழ்நோக்கிச் சாய்ந்து பழுப்பாகிவிட, நிமிர்ந்து நிற்பவற்றையே தேனீ நாடுகிறது. மேலும், தேனீ பூவில் விட்டுச்செல்லும் மணம், அங்கே சற்றுமுன் தேன் எடுக்கப்பட்டதை அடுத்து வரும் தேனீக்கு உணர்த்துகிறது. சிவப்பைக் காண முடியாத அந்தக் கண்கள், நமக்குப் புலப்படாத புற ஊதா ஒளியில் பல மஞ்சள் பூக்கள் காட்டும் கோலங்களைக் காண்கின்றன என்பதை எண்ணும்போது, நாம் பார்க்கும் புல்வெளியும் அவை பார்க்கும் புல்வெளியும் வேறுவேறு என்றே தோன்றுகிறது. இதற்காகவே மெதுவாக நடக்க வேண்டும்.

ரொட்டி கூடாது. அதன் மாவுச்சத்து செம்மறியின் முதல் இரைப்பையில் வேகமாக நொதித்து அமிலத்தைப் பெருக்கும். அளவு மிஞ்சினால் உயிரே போகலாம். பழகிய ஆடு ஓடி வந்து கையை முகர்ந்தாலும், தடவிக்கொடுப்பதோடு தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.