லோடு ஏற்றும் முன் தினமும் வண்டி சோதனை: பாதுகாப்புக்கா, பழியைத் தள்ளவா?

குட்டியானை_மாதவரம்:
மாதவரம் பக்கம் ஒரு குடோனிலிருந்து பார்சல் எடுத்து வீடு வீடாகப் போடுகிற வேலை எனக்கு. வண்டி, கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வண்டி விடும் வெண்டருடையது, டாட்டா ஏஸ். இந்த மாதம் புதிதாக ஓர் உத்தரவு வந்திருக்கிறது. காலையில் லோடு ஏற்றும் முன் டயர், பிரேக், லைட், ஹாரன், வைப்பர், கண்ணாடி என்று ஆப்பில் இருபதுக்கு மேல் கேள்விகளுக்குப் பதில் போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் அன்றைய டிரிப் திறக்கும். எங்களுக்குப் பார்சல் கணக்கில்தான் காசு, இந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அது கூடப் போகட்டும். பின் டயர் மொட்டை என்று உள்ளதைப் போட்டால் ஆப் சிவப்பாகிவிடும், டிரிப் வராது, அன்றைய வருமானம் போச்சு. வெண்டருக்குப் போன் போட்டால் “ஓகேன்னு போட்டுட்டுக் கிளம்புப்பா, ஞாயித்துக்கிழமை மாத்திடலாம்” என்கிறார். எந்த ஞாயிறு என்று கேட்கக் கூடாது. இந்தச் சோதனையே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பட்டறை_அண்ணாச்சி:
தம்பி, ஆப் வேண்டாம் என்று சொல், நானும் கூட நிற்கிறேன். சோதனை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. பட்டறைக்கு வருகிற வண்டிகளில் முக்கால்வாசி, போன வாரமே கண்ணில் பட்டிருக்க வேண்டிய கோளாறுதான். வீல் நட்டைச் சுற்றித் துரு கோடு கோடாக வடிந்திருந்தால் அந்த நட் லூஸாகி ஆடுகிறது. அதைப் பார்க்க ஸ்பேனர் வேண்டாம், குனிந்தால் போதும். என்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்து அப்படியே பிடி. பெடல் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரோ லைனோ கசிகிறது. பிரேக் லைட் பார்க்க ஆள் இல்லையா? விடிவதற்கு முன் வண்டியின் பின்பக்கத்தைக் குடோன் ஷட்டரை ஒட்டி நிறுத்தி மிதி, சைடு கண்ணாடியில் ஷட்டர் சிவக்கிறதா பார். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், கழற்றிவிட வேண்டியதுதான். வண்டியை ஓட்டுவதற்கு முன் காற்றைப் பிடி. மத்தியான வெயிலில் ஓடி வந்த டயர் எப்போதும் கூடத்தான் காட்டும். லாரி கிளீனர் பையன்கள் லிவரால் டயரைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார்களே, அவர்களுக்கு எந்த ஆப் சொல்லிக் கொடுத்தது?

குட்டியானை_மாதவரம்:
அண்ணாச்சி, இதெல்லாம் எனக்கும் தெரியும். பெடல் இறங்குகிறது என்று கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. வண்டி என்னுடையது என்றால் நேரே உங்கள் பட்டறைக்குத்தான் விடுவேன். இங்கே பார்க்கிறவன் ஒருவன், காசு கொடுக்க வேண்டியவன் இன்னொருவன்.

ஃப்ளீட்_டேபிள்:
எதிர்ப்பக்கத்து ஆள் நான். வேறு ஒரு கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள். எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை. எஃப்.சி.க்குப் போகும்போது எல்லா வண்டியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அடுத்த எஃப்.சி. வரை அதைத் தினமும் தொடுகிற ஒரே ஆள் டிரைவர். அவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? போட்டோ எதற்கு என்கிறீர்கள். காகிதத்தில் டிக் அடித்த காலத்தில் திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் சேர்த்து அடித்து வைத்திருப்பார்கள். ஆப் வந்த பிறகும் முந்தின நாள் போட்டோவையே அனுப்புகிறவர்கள் உண்டு. மழை கொட்டுகிற நாளில் காய்ந்த தரையோடு போட்டோ வரும். விபத்து ஆனால் போலீஸ் முதலில் கேட்பதும் வண்டியின் கண்டிஷனைத்தான். அப்போது கையில் ஒரு பதிவு வேண்டாமா?

சங்கத்து_ஆள்:
ஃப்ளீட் சார் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். பதிவுக்குத்தான் இவ்வளவும். அந்தப் பதிவு யார் பக்கம் பேசும் என்று பார்ப்போம். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190. ஆபத்தான கோளாறோடு வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி. அபராதம் 1500 ரூபாய். அந்தக் கோளாறால் விபத்து நடந்து ஆளுக்கோ சொத்துக்கோ சேதம் என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோளாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும்.

இப்போது மாதவரம் தம்பி நிலையை யோசியுங்கள். மொட்டை டயருக்கு ஓகே போடச் சொன்ன வெண்டரின் குரல் போனோடு போயிற்று. ஓகே போட்டது தம்பியின் விரல், நேரம், இடம், போட்டோ எல்லாவற்றோடும் நிற்கிறது. ஓட்ட வைத்தவர் தப்பிக்கிறார், ஓட்டியவர் தன் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கூலிக்கும் ஒரு வார்த்தை. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதும்போதே வண்டியைப் பொறுப்பெடுப்பது, பராமரிப்பது, லோடு ஏற்றி இறக்குவது எல்லாம் துணை வேலை, அதுவும் வேலை நேரத்தில் சேரும் என்று வைத்தார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அந்தச் சட்டம் பொருந்தியது. இப்போது அது 2020 பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது.

ஃப்ளீட்_டேபிள்:
ஐந்து பேர் உள்ள இடத்துக்கு என்று நீங்களே சொல்கிறீர்கள். பாதி வெண்டர்கள் மூன்று வண்டி வைத்திருப்பவர்கள். மீதியில் டிரைவரே ‘பார்ட்னர்’, ஊழியர் இல்லை.

சங்கத்து_ஆள்:
சோதனைக்கு மட்டும் ஊழியர், சம்பளத்துக்குப் பார்ட்னர். நல்லா இருக்கு சார்.

லண்டன்_லொறி:
யாழ்ப்பாணத்து ஆள், இங்கே லண்டனில் பதினெட்டு தொன் லொறி ஓடுறன். எங்களுக்கும் காலமை வாகனத்தைச் சுற்றிப் பார்க்கிற கட்டாயம் இருக்கு. ரயர், லைற், பிறேக், கண்ணாடி, லோடு கட்டினது எல்லாம் பார்க்க வேணும். வித்தியாசம் என்னெண்டால், பிழை எண்டு எழுதினால் கொம்பனி அதைத் திருத்தி, ஆர் எப்ப திருத்தினது எண்டு பதிஞ்சு, பதினைஞ்சு மாதமாவது அந்தப் பதிவை வைச்சிருக்க வேணும். வைச்சிருக்காவிட்டால் லொறி விடுறதுக்குக் கொம்பனி எடுத்திருக்கிற லைசன்சுக்கே ஆபத்து. அதாலை நான் எழுதினால் முகாமையாளருக்குத்தான் தலையிடி. ஆனால் இஞ்சையும் பார்சல் வான் ஓடுற பொடியளின்ரை கதை வேறை. மூன்றரைத் தொன்னுக்குக் கீழே அந்த லைசன்ஸ் தேவையில்லை. அவை மாதவரம் தம்பி மாதிரித்தான், பார்சல் கணக்குக்கு ஓடுகினம்.

பட்டறை_அண்ணாச்சி:
இதுதான் எனக்கு வேண்டிய பதில். அங்கே எழுதினால் திருத்துகிறார்கள், அதனால் எழுதுகிறான்.

ஃப்ளீட்_டேபிள்:
எழுதினால் திருத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எழுதுவதையே விட்டுவிடலாம் என்கிறது மாதவரம். அதுதான் ஆபத்து.

குட்டியானை_மாதவரம்:
அமெரிக்காவில் விட்டுவிட்டார்களே. 2014 டிசம்பரிலிருந்து சரக்கு லாரி டிரைவர் ‘கோளாறு இல்லை’ என்று தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டியதில்லை, கோளாறு இருந்தால் எழுதினால் போதும். அமெரிக்காவில் லாரி ஓட்டும் என் உறவுக்காரர் ஒருவர் சொன்னார். நானும் விதியைத் தேடிப் பார்த்தேன், உண்மைதான்.

ஃப்ளீட்_டேபிள்:
அடுத்த வரியையும் படியுங்கள் தம்பி. எழுதுவதைத்தான் எடுத்தார்கள், பார்ப்பதை எடுக்கவில்லை. வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறது என்று டிரைவர் திருப்திப்பட்ட பிறகுதான் கிளப்ப வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது.

சங்கத்து_ஆள்:
அதற்கும் அடுத்த வரி இருக்கிறது சார். பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு என்று டிரைவர் எழுதிவிட்டால், சரிசெய்தோம், அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்று கம்பெனி கையெழுத்துப் போடும் வரை அந்த வண்டி மறுபடி ஓடக் கூடாது. உங்கள் ஆப்பில் வெண்டர் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கிறதா? எந்த ஆப்பிலும் நான் பார்த்ததில்லை. டிரைவருக்கு இருபது கேள்வி, வண்டிக்காரருக்கு ஒன்று கூட இல்லை.

ஃப்ளீட்_டேபிள்:
நியாயம். எங்கள் ஆப்பிலும் இல்லை. ஆனால் வெண்டர் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. சிவப்பு விழுந்த வண்டிக்குப் பதில் வண்டி கொடுக்க வேண்டும் என்றால் சும்மா நிற்கும் வண்டிக்கும் டியூ கட்ட வேண்டும். பார்சலுக்கு இவ்வளவு என்று ரேட்டை நசுக்கித்தான் கான்ட்ராக்டே தருகிறார்கள். அதில் டயருக்கே மிஞ்சாது, ஸ்டாண்ட்பைக்கு எங்கே போவார்?

சங்கத்து_ஆள்:
அப்போது அந்த ரேட்டை வைத்தவரும் பிரிவு 190-இல் ‘ஓட்ட வைப்பவர்’தானே? கோர்ட்டில் யாராவது இதைக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் மாதவரம் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். ஆப்பில் உள்ளதை உள்ளபடி போடு. அதே போட்டோவை வெண்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘பின் டயர் மாற்ற வேண்டும்’ என்று எழுத்தில் சொல். ஓகே போடச் சொல்வது என்றால் அவரும் எழுத்திலேயே சொல்லட்டும்.

ஃப்ளீட்_டேபிள்:
அனுப்பினால் மறுநாள் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனி ஆளாக ஒருவர் அனுப்பினால் அவர்தான் பிரச்சினை. அந்தக் குடோனில் எல்லாரும் அனுப்பினால் டயர்தான் பிரச்சினை.

பட்டறை_அண்ணாச்சி:
இவ்வளவு நேரத்தில் ஃப்ளீட் சார் சொன்னதில் உருப்படியானது இதுதான். தம்பி, உங்கள் குடோனில் ஸ்டாண்ட்பை என்று வண்டி ஏதாவது இருக்கிறதா?

குட்டியானை_மாதவரம்:
ஒன்று இருக்கிறது அண்ணாச்சி. அதற்கு எஃப்.சி. முடிந்துவிட்டது.