ஆட்டோகேடில் பாமினி, லிப்ரேகேடில் இங்கிலீஷ்: எழுத்துரு மாற்ற உதவி தேவை

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வரைபடம். ஆட்டோகேட் 2007 என்ற வரைபட மென்பொருளில் போட்டது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் (இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு). போன மாதம் லிப்ரேகேட் 2.2 என்ற இலவச வரைபட மென்பொருளுக்கு மாறினோம். டிஎக்ஸ்எஃப் (இரண்டு மென்பொருளும் படிக்கும் வரைபட வடிவம்) கோப்பாகத் திறந்தால் கோடுகள் சரி, ஆனால் 'வளவு' (வீட்டின் நடுப்பகுதி) என்ற பெயர் இருந்த இடத்தில் டி, எஸ், டி என்று இங்கிலீஷ் எழுத்து நிற்கிறது. முகப்பு, இரண்டாம் கட்டு எல்லாம் இதே கதிதான்.

லிப்ரேகேட் தன் சொந்த வடிவமான எல்எஃப்எஃப் எழுத்துருவைத்தான் எடுக்கும் என்பதால் பாமினியை அப்படி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் தமிழ் வருகிறது, வெறும் ஓரக்கோடாக (அதைப் பொறுத்துக்கொள்ளலாம்). அப்புறம் ஆட்டோகேடிலேயே TXTEXP கட்டளை கொடுத்து எழுத்துகளைக் கோடுகளாக உடைத்தும் பார்த்தேன். பிறகு திருத்தவே முடியாது, வீட்டுக்காரரோ வாரம் ஒரு மாற்றம் சொல்கிறார்.

டிஎக்ஸ்எஃப் கோப்பிலேயே எல்லாப் பெயர்களுக்கும் எழுத்துருவை ஒரே அடியாக மாற்ற வழி உண்டா?