கிராம சபையில் கேட்ட வேலை ஏன் வருவதே இல்லை?

தெற்குத்தெரு:
மழை பெய்தால் எங்கள் தெருவில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வடிகால் வேண்டும் என்று கிராம சபையில் பல தடவை கேட்டாயிற்று. வந்ததோ பேவர் பிளாக், அதுவும் நன்றாக இருந்த சிமெண்ட் ரோட்டுக்கு மேலே! கேட்டால் "ஃபண்டு அதுக்குத்தான் வந்துச்சு" என்கிறார்கள். எந்த வேலையை எடுப்பது என்று உண்மையில் யார் முடிவு செய்வது?

பழைய ஓவர்சியர்:
தம்பி, எப்போது கேட்டீர்கள் என்பதுதான் முக்கியம். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தையொட்டித்தான் தொடங்குகிறது, மே 1 கூட்டத்தில் எழுந்து நின்று பேசினால் அந்த ஆண்டுப் பட்டியல் அதற்கு முன்பே முடிந்திருக்கும். வாயால் கேட்டதும் நிற்காது. ஒரு வாரம் முன்பே ஊராட்சி செயலரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தீர்மான நோட்டில் தெருப் பெயரோடு எழுதினார்களா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அப்புறம் அந்த ஃபண்டு பதிலை அப்படியே விடாதீர்கள், எந்தத் தலைப்பில் வந்த பணம் என்று கேளுங்கள். மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021-26) 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று இருந்தது, கழிவுநீர் வேலை அதில் வந்தது. எந்தெந்த வேலை ஏறியிருக்கிறது என்பதை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம்.

மலர்_ஒன்றியம்:
அண்ணா சொல்வது சரி, ஆனால் ஆள் வேண்டும். 501 முதல் 3000 பேர் உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர், 3001 முதல் 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கூட்டமே செல்லும். பல ஊர்களில் அந்த எண்ணிக்கையை நிரப்ப நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை உட்கார வைத்து, தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் யார் வீட்டுக்குள் வருகிறதோ அவர்களே பேசாமல் எழுந்து போகிறார்கள் என்றால் வயிறு எரிகிறது. உங்கள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஏரிக்கரை:
நமக்கு நாமே திட்டத்தையும் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும்.

மலர்_ஒன்றியம்:
@ஏரிக்கரை வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தெருவுக்கு அது சரி. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வடிகாலுக்குப் பணம் திரட்டிக்கொண்டு வா என்பது நியாயமில்லை, அது ஊராட்சியின் கடமை.

தெற்குத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஓடு தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் பார்க்கிறார். இதெல்லாம் அவரிடமும் செல்லுமா?

பழைய ஓவர்சியர்:
செல்லும். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள்தான். மனுவைத் தனி அலுவலர் பெயருக்கே எழுதுங்கள், தண்ணீர் நிற்கும் படத்தைத் தேதியோடு இணைத்துவிடுங்கள்.