கன்னியாகுமரிக்கு ஒரு நாள் போதுமா, போதாதா?

கோவை ஊர்சுற்றி:
டிசம்பரில் அம்மா அப்பா, குழந்தைகளோடு கன்னியாகுமரி போகிறோம். "ரெண்டு நாள் தங்குங்க" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ ஒரு நாளே அதிகம் என்றுதான் படுகிறது. விடிகாலையில் சூரிய உதயம், அப்புறம் படகு வரிசை, விவேகானந்தர் பாறை, கண்ணாடிப் பாலம், வள்ளுவர் சிலை, காந்தி மண்டபம், சங்குமாலைக்காரரிடம் பேரம், சாயங்காலம் அஸ்தமனம். முடிந்தது. கடலில் ஆசைதீரக் குளிக்கவும் முடியாது, எங்கே பார்த்தாலும் பாறை. ராத்திரி ரயிலைப் பிடித்துவிடலாம். மறுப்பவர்கள் வரலாம்.

முட்டத்துக்காரன்:
சகோ, நீங்கள் சொன்னது அத்தனையும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பவை. அதை மட்டும் பார்த்துவிட்டு ஊரையே பார்த்ததாகச் சொன்னால் எப்படி?

கிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. கடலை ஒட்டிய கருங்கல் கோட்டை. குளச்சலில் 1741-இல் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்ட டி லனாய், பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியாகி இதைப் பலப்படுத்தினார். தோற்றவனையே வைத்துக் கோட்டை கட்டிக்கொண்ட ராஜா! மதிலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர். கீழே மணல் கறுப்பாக இருக்கும், இல்மனைட் என்ற கறுப்புத் தாது கலந்த மணல். சாலையோரம் பொட்டலம் கட்டி விற்கும் கலர் மணலும் இந்தக் கரைச் சரக்குதான்.

மேற்கே சொத்தவிளை, சங்குத்துறை, அப்புறம் எங்கள் முட்டம். செம்மண் மேடு, பாறை, கலங்கரை விளக்கம். சுசீந்திரம் கோயில் வழியிலேயே இருக்கிறது. இசைத்தூண்களையும் 18 அடி அனுமாரையும் விட்டுவிட்டா ரயில் ஏறுவீர்கள்?

குளச்சல் அக்கா:
தம்பி, கோட்டை, கோயிலெல்லாம் சரி. மேற்குக் கடற்கரைகளுக்கு வெளியூர்க்காரர்களை இப்படிக் கூவிக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் என்ன நடந்தது? ஐந்து பயிற்சி மருத்துவர்கள், ஒரே காலையில் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆனால் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பேரே புதுசு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெகுதூரத்தில் தென்சமுத்திரத்தில் புயல் அடித்தால் அங்கே கிளம்பும் அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வெயில் பளிச்சென்று அடிக்கும், கடல் திடீரென்று உள்ளே வந்து காலை வாரிக்கொண்டு போகும். திருட்டுத்தனமாக வருவதால் கள்ளக்கடல். மீனவ வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரில் வந்து இறங்குகிறவருக்கு யார் சொல்வது?

முட்டத்துக்காரன்:
அக்கா, அதற்காகக் கரையையே பூட்டிவிட முடியுமா? கள்ளக்கடல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் மிரட்டும். இவர் வருவது டிசம்பரில். குளிக்க வேண்டாம், நின்று பார்க்கட்டும். கூட்டம் முழுவதும் படகுத்துறையிலேயே மொய்த்தால் எங்கள் பக்கம் மீன் வறுத்து விற்கிற பெண்களுக்கு என்ன மிஞ்சும்?

குளச்சல் அக்கா:
"நின்று பார்க்கிறேன்" என்று வருகிறவர்தான் செல்ஃபிக்காகப் பாறை நுனிக்குப் போகிறார். டிசம்பரிலும் பாறையில் பாசி வழுக்கத்தான் செய்யும். முதலில் கரைக்கு நாலு காவலர்களைப் போடச் சொல்லுங்கள், பிறகு விளம்பரம் செய்யலாம்.

நெல்லை அண்ணாச்சி:
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். கோவைக்காரர் டிசம்பரில் போவதால்தான் உதயம், அஸ்தமனம் இரண்டையும் கடலிலேயே பார்க்கிறார். கோடையில் சூரியன் வடமேற்கே ஒதுங்கிக் கரைப்பக்கமாக விழும். அது தெரியாமல் ஜூன் மாதம் போய், மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

மற்றபடி நான் ஒரு நாள் கட்சி. கண்ணாடிப் பாலம் 77 மீட்டர். 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது, தூரத்திலிருந்து கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இப்போது ஒரே படகில் இரண்டு பாறையும் முடிகிறது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அதற்கு மேல் எதற்கு அலைச்சல்?

கோவை ஊர்சுற்றி:
அண்ணாச்சி நம்ம பக்கம்! ஆனால் அந்த வட்டக்கோட்டை கொஞ்சம் இழுக்கிறது. படகுக்கு முன்பா, பின்பா?

முட்டத்துக்காரன்:
பின்பு. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே பாறையை முடியுங்கள். வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்கு ஆட்டோ பிடிக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு மறுநாள். மரவேலைப்பாட்டுக்கே அரை நாள் வேண்டும்.

குளச்சல் அக்கா:
திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், கிழமை பார்த்து ரயில் டிக்கெட் போடுங்கள். பிள்ளைகளை அலையில் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போங்கள், முட்டத்துக்கு அல்ல.

முட்டத்துக்காரன்:
அருவியில் ஏது அலை, அக்கா!