பழைய ஆபீஸ் சிபியுல 1060 கிராபிக்ஸ் கார்டு போட்டேன், எக்ஸ்போர்ட் போட்டா ஸ்கிரீன் கருப்பாயிடுது, யாராவது வழி சொல்லுங்க

புளியரை வீடியோ

வணக்கம் அண்ணாச்சிமாரே, ஒரு வாரமா மண்டை காயுது. நமக்கு ஊரு புளியரை, செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் குடுக்கதுதான் பொழப்பு. சிஸ்டம் புதுசு இல்ல, தென்காசில ஒரு ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பிராண்டட் டவர், பிராசஸர் ஐ5 4590, ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி மட்டும் நான் போட்டுக்கிட்டேன். 25 நிமிஷ வீடியோ எக்ஸ்போர்ட் ஆகதுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், போட்டு விட்டுட்டு டீக்கடைல போயி உக்காந்துருவேன்.

போன வாரம் கொல்லத்துல ஒரு சேட்டன்கிட்ட ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு செகண்ட் ஹேண்ட்ல 4500 ரூவாக்கு வாங்குனேன். "ஏதும் குழப்பம் இருக்கா"ன்னு கேட்டதுக்கு "ஒரு கொழப்பவும் இல்லா"ன்னுட்டாரு, நானும் மடியில வச்சுக்கிட்டே ரயில்ல வந்துட்டேன். வந்து பாத்தா கார்டு மேல 6 பின் பவர் சொருகணும், நம்ம எஸ்எம்பிஎஸ்ல (உள்ள கரண்டு குடுக்குற பெட்டி) அப்படி ஒரு வயரே கெடையாது. ரிப்பேர் பாக்குற பையன் ஒருத்தன் ஹார்டு டிஸ்க்குக்குப் போற சாட்டா பவர 6 பின்னா மாத்துற கன்வர்ட்டர் ஒண்ணு 150 ரூவாக்குக் குடுத்தான். போட்டேன், டிஸ்ப்ளே வந்துது, டிரைவர் ஏறுச்சு, யூடியூப் ஓடுது, டைம்லைன் வெண்ணெய் மாதிரி நகருது. எக்ஸ்போர்ட் போட்டா மட்டும் நாலு நிமிஷம் இல்லன்னா அஞ்சு நிமிஷம், பொசுக்குன்னு ஸ்கிரீன் கருப்பாயி கார்டு ஃபேன் ரைஸ் மில்லு மாதிரி கத்துது. அதுல ஆச்சரியம் என்னன்னா பின்னால போட்டுவிட்ட பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு, சிஸ்டம் சாகல. பவர் பட்டன அமுக்கிப் புடிச்சாத்தான் வழிக்கு வருது.

சேட்டன் தலையில கட்டிட்டாருன்னு வீட்ல சொல்லுதாவ. கார்டு போச்சா? மார்கழி பொறக்கும்போது அச்சன்கோயில் ஐயப்பனோட ஆபரணப் பெட்டி நம்ம பக்கமா வரும், அந்த வேலை ஒண்ணு ஒத்துக்கிட்டுருக்கேன், அதுக்குள்ள சரியாகணும்.

கடையநல்லூர் கேமர்

ப்ரோ அது கிரிப்டோ மைனிங்ல ராப்பகலா போட்டு அடிச்ச கார்டா இருக்கும். சேஃப் மோட்ல போயி டிடியுங்கிற சாப்ட்வேர் வச்சு டிரைவர சுத்தமா தூக்கிட்டு புதுசா ஏத்துங்க, தெர்மல் பேஸ்ட்டும் மாத்திருங்க. அதுலயும் போகலன்னா காசு போச்சு.

புளியரை வீடியோ

ரெண்டும் பண்ணியாச்சு தம்பி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா அதுலயே போச்சு. சூடு 68 டிகிரி தாண்டல, அப்பவும் அதே கருப்புதான். சவத்த தூக்கி குண்டாத்துல போட்டுருவமான்னு இருக்கு.

தென்காசி சர்வீஸ்

ஆத்துல போடாதீரும், கார்டு நல்லாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. ஸ்கிரீன் போயி ஃபேன் மட்டும் ஃபுல் ஸ்பீடுல சுத்துது, சவுண்டு நிக்கலன்னா கார்டுக்கு வர்ற கரண்டு நடுவுல அறுந்து போகுதுன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். டிரைவர் பிரச்சினைன்னா பெரும்பாலும் ஸ்கிரீன் மின்னி மறுபடி வந்துரும், இல்லன்னா நீல ஸ்கிரீன்ல எர்ரர் அடிக்கும்.

மூடியக் கழட்டி மூணு சங்கதி பாத்துச் சொல்லும். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல எத்தனை வாட் போட்டுருக்கு, மதர்போர்டுக்குப் போற பெரிய பிளக்ல எத்தனை பின்னு (எண்ணிச் சொல்லும், உத்தேசமா வேண்டாம்), அந்த சாட்டா பவர் வயரு எஸ்எம்பிஎஸ்லேர்ந்து நேரா வருதா இல்ல போர்டுலேர்ந்து கெளம்புதா.

கூடவே ஒரு சோதனை. ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாப்ட்வேர் சும்மாவே கெடைக்கும், அதுல பவர் லிமிட்ட (கார்டு எவ்வளவு கரண்டு இழுக்கலாம்ங்கிற அளவு) 60 சதவீதத்துக்கு இறக்கிட்டு எக்ஸ்போர்ட் போட்டுப் பாரும். 1060-க்கு 120 வாட், அதுல 60 சதவீதம்னா 72 வாட். அது முழுசா முடிஞ்சுட்டுன்னா கார்டு மேல பழி போடாதீரும். பக்கத்துலயே இரும், போட்டு விட்டுட்டு டீக்கடைக்குப் போயிராதீரும்.

புளியரை வீடியோ

அண்ணாச்சி, நேத்தைக்கு ராத்திரி போட்டேன். 60-ல வச்சா 25 நிமிஷ வீடியோ ஒரே மூச்சுல முடிஞ்சுது, 27 நிமிஷம்தான். எனக்கு அழுகையே வந்துட்டு.

எஸ்எம்பிஎஸ் 290 வாட். பெரிய பிளக்குன்னு ஒண்ணுமே இல்ல, 8 பின் ஒண்ணும் 4 பின் ஒண்ணும் அவ்வளவுதான், ரெண்டு தடவ எண்ணிட்டேன். சாட்டா பவர் வயரு போர்டுலேர்ந்துதான் கெளம்புது, ஒல்லியா நூலு மாதிரி.

இன்னொண்ணு சொல்லணும். முடிஞ்ச பெறவு ஒரு வாடை, நான் என்னமோ பக்கத்து வீட்ல அப்பளம் கருகுதுன்னு நெனச்சேன். கன்வர்ட்டரக் கழட்டிப் பாத்தா வெள்ளை பிளக்கு ஒரு ஓரம் தவிட்டு நெறமாயிட்டு.

தென்காசி சர்வீஸ்

கழட்டினீருல்லா, திரும்ப மாட்டாதீரும். சத்தியமா சொல்லுதேன், இன்னிக்கே கார்டயும் உருவி வச்சுட்டு பழையபடி போர்டுல இருக்க டிஸ்ப்ளேல ஓட்டும். இந்தச் சோதனைய உம்மளப் பண்ணச் சொன்னதுக்கு முன்னாடி நான் அந்த பிளக்கப் பாக்கச் சொல்லிருக்கணும், அது என் தப்பு.

கணக்கு சொல்லுதேன். 1060 120 வாட், உம்ம 4590 பிராசஸர் 84 வாட், டிஸ்க்கு, ஃபேன் எல்லாம் சேத்து ஒரு முப்பது நாப்பதுன்னு வைங்க, 290-க்குள்ள வந்துருது. அதனாலதான் நெறைய பேரு ஏமாறுதாவ. மொத்தம் பத்தும், வர்ற வழிதான் பத்தல. தொட்டி நெறைய தண்ணி கெடந்தாலும் அரை இஞ்சு பைப்பு வச்சு வயலுக்குப் பாச்ச முடியுமா? சாட்டா பிளக்ல 12 வோல்ட்டுக்குன்னு மூணு பின்னு, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணரை ஆம்பியர், ஆக மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். 6 பின் வயரு 75 வாட்டுக்குன்னு வச்சது. போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட்டு ஒரு 75 குடுக்குமே, 54-ஐக் கூட்டுனா 120 தாண்டுதேன்னு கேப்பீரு. கார்டு எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கணும்னு உம்மகிட்ட கேட்டா இழுக்கும்? கண்ணு மூடி தொறக்கதுக்குள்ள 120-க்கு மேலயும் ஒரு தாவு தாவும். போதாக்குறைக்கு உமக்கு அந்த வயரு போர்டு வழியா வருது, ஒரு டிஸ்க்கும் ஒரு டிவிடியும் ஓடதுக்குன்னு போட்ட லைனு அது. பிளக்கோட போச்சேன்னு சந்தோஷப்படும்.

ஆரியங்காவு எஸ்டேட்

இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? புனலூர்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் 700 ரூவாக்குக் கெடைக்கு, வாங்கி மாட்டிட்டா தீந்துது. நானும் அப்படித்தான் மாட்டுனேன், ரெண்டு வருஷமா ஓடுது.

தென்காசி சர்வீஸ்

உங்க சிபியு அசெம்பிள் பண்ணுனதா இருக்கும், அதுல 24 பின் இருக்கும். இவருக்கு 8 பின். கம்பெனி சிபியு எல்லாம் ஆளுக்கொரு தினுசு: டெல் ஆப்டிபிளக்ஸ்ல 7010 வரைக்கும் சாதா 24 பின்னு, அதுக்கடுத்து வந்த 3020, 7020, 9020-ல 8 பின் ஆக்கிட்டாவ. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-ல 6 பின். லெனோவோ திங்க்சென்டர் எம்93-ல 14 பின். வெளிய வாங்குற எஸ்எம்பிஎஸ் நேரா சொருக முடியாது, 24-லேர்ந்து 8 ஆக்குற வயரு தனியா வாங்கணும், ஆன்லைன்ல கெடைக்கு, அதுவும் நம்ம மாடலுக்கானதான்னு பாத்து வாங்கணும். பின்னு எண்ணிக்கை ஒத்துப் போனா மட்டும் சொருகிறக் கூடாது, உள்ள வோல்ட் வரிசை வேற மாதிரி இருந்தா போர்டு போயிரும்.

அப்புறம் அந்த 700 ரூவா 450 வாட். ஸ்டிக்கர்ல என்ன வேணா அடிக்கலாம். தூக்கிப் பாத்தாலே தெரியும், தேங்கா மூடி கனம் இருக்காது. எங்கிட்ட வந்ததுல ஒண்ணத் தொறந்தா உள்ள கெபாசிட்டருக்குத் துளை இருக்கு, கெபாசிட்டர் இல்ல. இங்க காத்து மழைல எந்நேரம் கரண்டு எப்படி வரும்னு தெரியாது, அதுல இந்த மாதிரி ஒண்ண நம்பி கார்டு மாட்டுனா வெடிக்கும்போது தனியா வெடிக்காது. நல்ல கம்பெனி 450 வாட், கூட வயரு எல்லாம் சேத்தா கார்டு வாங்குன காசத் தாண்டிரும்.

புளியரை வீடியோ

அப்ப என்னதான் அண்ணாச்சி பண்ண? கார்ட வித்துரவா?

தென்காசி சர்வீஸ்

வித்துட்டு பவர் வயரு வேண்டாத கார்டு எடும். ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 2019-ல வந்தது, 75 வாட், ஸ்லாட்டுலேர்ந்தே எடுத்துக்கிடும். ஆனா அதுலயும் சில கம்பெனி 6 பின் வச்சு விட்டுருக்கான், போட்டோல மேல்பக்கம் பிளக்கு இல்லன்னு உறுதி பண்ணிட்டு வாங்கும். ஒத்த ஃபேன் குட்டைக் கார்டாப் பாரும், ரெண்டு ஃபேன்னா உம்ம சிபியுல டிஸ்க்கு வைக்கிற கூண்டுல போயி இடிக்கும். 1050 டிஐ-யும் 75 வாட்தான், இன்னும் மலிவு, ஆனா அதுக்கும் உம்ம 1060-க்கும் வழக்கமா வர்ற டிரைவர் அப்டேட்ட 2025 அக்டோபரோட நிப்பாட்டிட்டாவ, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும். 1650-க்கு இன்னும் வருது.

மலிவா இருக்குன்னு ஜிடி 1030 வாங்கிராதீரும், கேம் ஆடுற பயலுவ வாங்கிட்டுப் போகட்டும். எக்ஸ்போர்ட்ல வீடியோவ அடிச்சுக் குடுக்குற என்வென்க்னு ஒரு என்கோடர் உண்டு, உம்ம வேலைக்கு அதுதான் உசுரு, 1030-ல அது கெடையாது. ரேடியான் ஆர்எக்ஸ் 6400-ம் 53 வாட்னு பாத்தா ஆசையா இருக்கும், அதுலயும் என்கோடர் இல்ல. போதாததுக்கு போர்டோட பேசுறதுக்கு நாலே லேன் (பாதை) உள்ள கார்டு அது, உம்ம பழைய போர்டுல போட்டா அந்தப் பாதையோட வேகமும் பாதியாயிரும்.

கடையநல்லூர் கேமர்

1030-ல என்கோடர் இல்லன்னு எனக்கே இப்பத்தான் தெரியும் அண்ணாச்சி, நான் ரெண்டு பேருக்கு வாங்கிக் குடுத்துருக்கேன்.

புளியரை வீடியோ

அப்டேட் போடுதேன், எல்லாரும் மன்னிக்கணும், பத்து நாளாச்சு.

சேட்டனுக்கு போன் போட்டேன். மொதல்ல நான் கோவத்துல ஏதோ சொல்லிருந்தேன், அந்த மனுசன் பொறுமையா கேட்டுட்டு கார்டக் கொண்டு வரச் சொன்னாரு. கொண்டு போனா அவர் சிஸ்டத்துல மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுனாரு, ஒரு அசைவு இல்ல. "ஞான் பறஞ்ஞில்லே, கொழப்பம் இல்லான்னு"ன்னு சொல்லிச் சிரிச்சாரு, எனக்கு மூஞ்சிய எங்க வைக்கன்னு தெரியல. அவருகிட்டயே 1650 ஒண்ணு இருந்துது, ஒத்த ஃபேன், பிளக்கு இல்லாதது, 1060 எடுத்துக்கிட்டு மேல 500 வாங்கிட்டுக் குடுத்துட்டாரு.

வீட்ல வந்து மாட்டுனா டிஸ்ப்ளே இல்ல. மறுபடி நெஞ்சு பக்குன்னுச்சு. 1060-ஐ வீட்டு டிவில எச்டிஎம்ஐ போட்டு ஓட்டுனேன், இது ஸ்டுடியோ ரூம்ல பழைய மானிட்டர், விஜிஏ மட்டும்தான். கார்டுல விஜிஏ இல்லல்லா, அதனால கெடந்த ஒரு டிவிஐ டூ விஜிஏ பின்ன மாட்டிருந்தேன்.

தென்காசி சர்வீஸ்

அந்தப் பின்னு சும்மா வயர மாத்துற பின்னு. 900 சீரிஸ் வரைக்கும் கார்டுக்குள்ளயே விஜிஏக்கு வேண்டிய அனலாக் சிக்னல் வந்துது, 10 சீரிஸ்லேர்ந்து எடுத்துட்டாவ, அதனால அந்தப் பின்னு உள்ளயே போகாதே, நீரு நாலு காலு முறிச்சு சொருகிருப்பீரு போல. உள்ள சிப்பு வச்ச எச்டிஎம்ஐ டூ விஜிஏ கன்வர்ட்டர் வாங்கும், முன்னூறு ரூவாக்குள்ள கெடைக்கும்.

புளியரை வீடியோ

அண்ணாச்சி நீங்க எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்தீங்களா? நாலு காலு இல்ல, ரெண்டு காலு.

கன்வர்ட்டர் வாங்கிட்டேன், செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே இருந்துது, 280. படம் வந்துட்டு. ராத்திரி மூணு வீடியோ வரிசையா எக்ஸ்போர்ட் போட்டேன், ஒண்ணு கூட நிக்கல, 25 நிமிஷ வீடியோ 19 நிமிஷம். கைய வச்சுப் பாத்தேன், எந்த வயரும் சூடு இல்ல. ரேம் இன்னொரு 8 ஜிபி போடலாமான்னு யோசனை.

தென்காசி சர்வீஸ்

டிடிஆர்3 ரேம் பழசு மலிவாக் கெடைக்கும், போடும். விண்டோஸ் 10-க்கு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுட்டு, 4590-ல 11 முறைப்படி ஏறாது, அதனால அந்த சிஸ்டத்துல பேங்க் வேலை எல்லாம் வச்சுக்கிடாதீரும். எடிட்டிங்கோட நிக்கட்டும்.

வாளையார் பக்கம்

அண்ணா, பழைய இழைன்னு தெரியுதுங்க, மன்னிச்சுக்குங்க. எனக்கும் ஆபீஸ் சிபியுங்க, அதே சாட்டா கன்வர்ட்டர் போட்டு ஆர்எக்ஸ் 570 ஓட்டறேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைங்க. எடுத்தே ஆகணுங்களா?

தென்காசி சர்வீஸ்

570 1060-ஐ விட அதிகமா இழுக்கும் தம்பி. சிஸ்டத்த ஆஃப் பண்ணி, மூடியக் கழட்டி, அந்த வெள்ளை பிளக்க போட்டோ எடுத்துப் போடுங்க. போட்டோ போடுத வரைக்கும் ஆன் பண்ணாதீங்க.